குந்தி வேலை செய்த காலம்

வீட்டில் வைத்துக்கொள்ள பைக் லிஃப்ட் எது வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். பெரும்பாலும் புல்லட் வைத்திருக்கும் நாற்பது வயதுக்காரர்கள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சனி ஞாயிறில் வண்டியைப் பிரித்துப் போட்டுப் பார்க்கும் ஆசை, குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. பட்டறையை மூடிவிட்டு அம்பத்தூரில் வீட்டோடு இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. நான் தொழில் பழகிய காலத்தில் மெட்ராஸில் பைக்கை மேலே ஏற்றி வைத்து வேலை பார்த்த மெக்கானிக் ஒருவரையும் பார்த்ததில்லை. வண்டி தரையில் நிற்கும். ஆள்தான் அதன் மட்டத்துக்கு இறங்குவான். ஏன் அப்படி இருந்தது, யாருக்கு மாறியது, யாருக்கு இன்னும் மாறவில்லை என்று யோசித்துக்கொண்டே போனால் எந்த லிஃப்ட் வாங்கலாம் என்பதற்கும் அதற்குள்ளேயே பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது.

முதலில் ஸ்டாண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிள் பிறந்தபோது அது இன்ஜின் பொருத்திய சைக்கிள். அதனால் ஸ்டாண்டும் சைக்கிளிலிருந்தே வந்தது. பின் சக்கர அச்சில் கீல் வைத்து மாட்டிய இரும்புச் சட்டம். வண்டியைப் பின்னால் இழுத்து அதன்மேல் ஏற்ற வேண்டும், ஓட்டும்போது மடக்கி மட்கார்டில் கொக்கி போட வேண்டும். பால்காரர் சைக்கிளில் பார்த்திருப்பீர்கள், அதே முறைதான். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் முன் சக்கரத்துக்கும் தனி ஸ்டாண்டு உண்டு. முன் மட்கார்டைத் தாங்கும் கம்பியைக் கழற்றிக் கீழே இறக்கினால் அதுவே ஸ்டாண்டு ஆகிவிடும். நடு வழியில் பஞ்சர் ஆனால் சொந்தமாகச் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டிய காலத்து ஏற்பாடு அது. 1930களில் இன்ஜினுக்குப் பின்னால், வண்டியின் நடுவில், இரண்டு காலோடு சென்டர் ஸ்டாண்டு வரத் தொடங்கியது. பின் ஸ்டாண்டும் முன் ஸ்டாண்டும் மெல்ல மெல்லக் காணாமல் போயின.

சென்டர் ஸ்டாண்டு ஒரு கெட்டிக்காரத்தனமான பொருள். அதன் பாதம் வளைந்திருக்கும். நெம்பில் கால் வைத்து மிதித்தால் அந்த வளைவு தரையில் உருண்டு, வண்டி பின்பக்கமாக ஏறி உட்காரும். புல்லட்டின் எடை 160 கிலோவுக்கு மேல். ஆனாலும் வழி தெரிந்த பதினைந்து வயதுப் பையன் அதை டபுள் ஸ்டாண்டில் போட்டுவிடுவான். வண்டியின் இடப்பக்கம் நின்று, இடக்கை ஹேண்டில்பாரில், வலக்கை சீட்டுக்குக் கீழே இருக்கும் பிடியில், வலக்கால் நெம்பில். கையால் தூக்கக்கூடாது. உடம்பின் எடை முழுவதையும் காலில் இறக்க வேண்டும், கை வழிகாட்டினால் போதும். புதிதாக வண்டி வாங்கியவர்கள் கையால் தூக்கப் பார்த்து முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பதை இன்றைக்கும் பார்க்கிறேன்.

இந்த ஸ்டாண்டு இவ்வளவு நன்றாக இருந்ததுதான் எங்கள் முழங்காலுக்கு வினையாயிற்று. பின் சக்கரம் தரையிலிருந்து எழும்பிச் சுழல்கிறது. செயின் இறுக்கலாம், பிரேக் பார்க்கலாம், சக்கரத்தையே கழற்றலாம். வண்டியும் ஆடாமல் நிற்கிறது. இதற்கு மேலே தூக்குவதற்கு என்ன அவசியம் என்று யாருக்குமே தோன்றவில்லை.

மெட்ராஸ் புல்லட் ஊரானது ஐம்பதுகளில். மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்திலிருந்து ராயல் என்ஃபீல்டு வண்டிகளைத் தருவித்து விற்றுக்கொண்டிருந்தது. எல்லைக் காவலுக்கு என்று ராணுவம் 350 சி.சி. புல்லட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அதைத் தொடர்ந்து 1955இல் இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்தார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வந்தன, இங்கே கோர்த்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்துக்குள் வண்டி முழுவதும் இங்கேயே தயாரானது. ரெடிட்ச் ஆலை 1967இல் மூடப்பட்டது. தாய் வீடு மூடிய பிறகும் பிள்ளை வடசென்னையில் அதே அச்சுகளை வைத்துக்கொண்டு அதே இன்ஜினை வார்த்துக்கொண்டிருந்தான். டேங்கில் ஓடும் பொன்னிறக் கோட்டைப் பிரஷ் பிடித்துக் கையாலேயே இழுப்பவர்கள் அங்கே இருந்தார்கள். சுற்றி இருந்த ஊருக்கு இதனால் ஒன்று நடந்தது: புல்லட் தெரிந்த மெக்கானிக்குகள் தெருவுக்குத் தெரு முளைத்தார்கள். தொழிற்சாலையில் பழகியவர்கள், ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள், அவர்களிடம் பழகியவர்கள். என் மேஸ்திரி மூன்றாம் வகை.

அவரிடம் நான் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில், ராயப்பேட்டைப் பக்கம் ஒரு சந்து முனையில். பட்டறை என்றதும் சுவர், கூரை என்று நினைக்க வேண்டாம். ஒரு தூங்குமூஞ்சி மரம், அதன் அடியில் ஒரு தகரப் பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு. காலையில் பெட்டி திறந்தால் பட்டறை திறந்தது, இரவில் பூட்டினால் மூடியது. உள்ளே ரிங் ஸ்பேனர், டபுள் எண்டு ஸ்பேனர், திருப்புளி, சுத்தியல், ஃபீலர் கேஜ், மண்ணெண்ணெய் ஊற்றிச் சாமான் கழுவும் ஒரு தட்டு, கைதுடைக்கும் வேஸ்ட். பழைய புல்லட்டின் போல்ட்டுகளுக்கு அங்குலக் கணக்கு ஸ்பேனர்தான் பொருந்தும்; பிறகு ஜப்பான் வண்டிகள் வந்தபோது மில்லிமீட்டர் செட் ஒன்று தனியாக வாங்க வேண்டி வந்தது. புது உதிரிபாகம் வேண்டுமென்றால் ஜி.பி. ரோடு, பழையது போதுமென்றால் புதுப்பேட்டை. இரண்டும் சைக்கிள் மிதி தூரம். பையன்கள் ஓடுவோம்.

உட்காருவதற்கு நாலு விரல் உயரத்தில் ஒரு பலகைக்கட்டை, மேஸ்திரிக்கு மட்டும். எங்களுக்கு அதுவும் கிடையாது. குதிகால் தரையில் பதிய, முழங்கால் மார்பைத் தொட, குந்தித்தான் வேலை. கிளட்ச் பிளேட் மாற்ற வண்டிக்கு இடப்பக்கம், பாயிண்டும் டைமிங்கும் பார்க்க வலப்பக்கம் என்று குந்தியபடியே நகர்ந்து வருவோம். எழுந்து நடந்து வந்தால், “குந்தி வேலை பார்க்கத் தெரியாதவன் என்னடா மெக்கானிக்” என்பார். டேப்பெட் சத்தத்தைக் கேட்டே இடைவெளி எவ்வளவு என்று சொல்லிவிடும் மனிதர். காது இன்ஜின் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஐம்பது வயதில் அவரால் மாடிப்படி இறங்க முடியாமல் போனதும் உண்மை.

முன் ஃபோர்க்கில் வேலை வந்தால்தான் சங்கடம். டபுள் ஸ்டாண்டில் புல்லட்டின் பின் சக்கரம் எழும்பும், முன் சக்கரம் தரையில் இருக்கும். அதை எழுப்ப எங்கள் பட்டறையில் ஒரு கருவி இருந்தது: நான். பின் சீட்டின் கடைசி விளிம்பில் பையனை உட்கார வைத்தால் வண்டி பின்னால் சாய்ந்து முன் சக்கரம் மேலே வரும். மேஸ்திரி சக்கரத்தைக் கழற்றி, கிராங்க் கேசுக்கு அடியில் மரக்கட்டையைத் தள்ளும்வரை நான் அசையக்கூடாது. சில சமயம் கட்டை சரியான உயரத்தில் அமையாது, அதற்குள் அவர் டீ குடிக்கப் போய்விடுவார், நான் சீட்டிலேயே உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னைவிடக் கனமான பையன் ஒருவன் சேர்ந்ததும் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

பின் சக்கரத்துக்கு வேறு வித்தை. புல்லட்டின் பின் மட்கார்டு ஆழமானது. அச்சை உருவிவிட்டாலும் சக்கரம் நேராகப் பின்னால் வராது, மட்கார்டில் முட்டும். ஒரு பையன் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க, இன்னொருவன் இடுக்கு வழியாகச் சக்கரத்தை உருவுவான். ஸ்கூட்டர் என்றால் இன்னும் நேர்வழி. லாம்பரெட்டாவோ பஜாஜோ, பழைய டயர் ஒன்றைப் போட்டு அதன்மேல் வண்டியைப் படுக்க வைத்துவிடுவது. சேத்தக் வைத்திருந்த எல்லாரும் காலையில் வண்டியைச் சாய்த்துப் பிறகு உதைத்த காலம். ஸ்கூட்டரைச் சாய்ப்பது யாருக்கும் மரியாதைக் குறைவாகத் தெரியவில்லை. இன்ஜினை இறக்குவதும் ஏற்றுவதும் இரண்டு பேர் தூக்குச் சுமை. கூலி இல்லாத பையன்கள் இருக்கும்வரை எண்ணெய் ஜாக்கிக்குக் காசு போட யாருக்கு மனசு வரும்?

இத்தனைக்கும் வண்டி தூக்கும் யந்திரம் மெட்ராஸுக்குத் தெரியாததல்ல. அந்தக் காலத்து பெட்ரோல் பங்க்குகள் சிலவற்றில் கார் சர்வீஸ் நிலையம் உண்டு. தரையில் குழிக்குள்ளிருந்து ஒற்றை எஃகுத் தூண், பளபளவென்று எண்ணெய் மினுங்க, அம்பாசிடரைத் தலைக்கு மேலே ஏந்திக்கொண்டு எழும்பும். பையன்கள் நாங்கள் வேலைக்கு நடுவில் போய் வேடிக்கை பார்ப்போம். கீழே நின்றபடியே ஒருவர் கிரீஸ் அடிப்பார், இன்னொருவர் தண்ணீர் பீய்ச்சுவார். குந்தாமல் பார்க்கிற மெக்கானிக் வேலை அதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது.

அந்தத் தூணின் வரலாறு பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அடைத்து வைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைக்கும் அப்படியே போகும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்னார். பூட்டு செய்து பிழைத்த ஜோசப் பிராமா 1795இல் அதை வைத்து லண்டனில் அழுத்து யந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1851இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் கையில் எடுத்துப் போகக்கூடிய எண்ணெய் ஜாக்கிக்கு உரிமை வாங்கினார். ஆனால் காரைத் தூக்கும் தூண் வர 1925 ஆக வேண்டியிருந்தது. அமெரிக்காவில் மெம்ஃபிஸ் ஊர்க்காரர் பீட்டர் லுனாட்டி. அவருக்கு யோசனை வந்தது சலூனில், முடிவெட்டும் நாற்காலியைப் பார்த்து. நாவிதர் காலால் மிதிக்க மிதிக்க ஆள் மேலே போகிறார். ஆளுக்குச் செய்ததைக் காருக்குச் செய்தால் என்ன? நம்மூர்ச் சலூனிலும் அந்த நாற்காலி வந்துவிட்டது. முடிவெட்டுபவர் குனிய வேண்டாம் என்று நாற்காலி உயர்ந்தது, பல் டாக்டர் குனிய வேண்டாம் என்று அவர் நாற்காலியும் உயர்ந்தது. பைக் மெக்கானிக் மட்டும் குந்தியே இருந்தார்.

ஏழ்மைதான் காரணம் என்று சொல்லிவிடலாம். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். கையில் காசு புரண்ட மேஸ்திரிகளும் இருந்தார்கள். வீடு கட்டினார்கள், பெண்ணுக்கு நகை போட்டார்கள், தாங்களே இரண்டு மூன்று புல்லட் வைத்திருந்தார்கள். அவர்களும் லிஃப்ட் வாங்கவில்லை. என் கணக்கில் காரணம் தரை. தூக்கும் யந்திரம் எதுவானாலும் அது ஓரிடத்தில் நின்றாக வேண்டும். தரையில் போல்ட்டு போட்டு இறுக்க வேண்டும், இரவு அங்கேயே இருக்க வேண்டும், மழை படாமல் இருக்க வேண்டும். எங்களுடையது நடைபாதை. பெட்டிக்குள் அடங்குவது மட்டும்தான் எங்கள் சொத்து. ஆக்கிரமிப்பு அகற்றும் லாரி வருகிறது என்று சொன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சந்துக்குள் போய்விட வேண்டும். லாரி போன பிறகு திரும்பி வந்து அதே மரத்தடியில் வைக்க வேண்டும். அப்படிப்பட்டவன் நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் இரும்பு மேஜையை எங்கே வைப்பான்? கார் சர்வீஸ் நிலையத்துக்குப் பட்டா நிலம் இருந்தது. அதனால் அங்கே தூண் எழும்பியது. நம்மூரில் வண்டி எவ்வளவு உயரம் எழும்பும் என்பதை முடிவு செய்தது அதன் கீழே இருந்த மண் யாருடையது என்பதுதான்.

எண்பதுகளில் நிலைமை கலைந்தது. 1980இல் டி.வி.எஸ். 50 ஓசூரிலிருந்து வந்தது. பிறகு ஜப்பான்காரர்கள். 1984இல் இண்ட்-சுஸுகி, 1985இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே ஆண்டில் யமஹா ஆர்.எக்ஸ். 100. புல்லட்டில் பாதியை ஒட்டிய எடை, உதைத்தவுடன் ஸ்டார்ட், சொட்டு எண்ணெய் கசியாது. புல்லட் நின்ற இடத்தில் எண்ணெய்ப் பொட்டு இல்லாவிட்டால் எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டவர்கள் நாங்கள். இந்த வண்டிகளைப் பார்த்து முதலில் எங்களுக்குச் சந்தேகம்தான் வந்தது. வண்டியோடு கூடவே இலவச சர்வீஸ் கூப்பன் புத்தகம் வந்தது. அது டீலரின் ஒர்க்‌ஷாப்பில் மட்டும் செல்லும். அந்த ஒர்க்‌ஷாப்புக்குச் சொந்தக் கூரை, சிமெண்டுத் தரை, கம்ப்ரஸர் எல்லாம் இருந்தன. ஒரு நாள் என்னோடு பழகிய பையன் ஒருவன் அப்படிப்பட்ட இடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்று பார்க்கப் போனேன். வரிசையாகச் சாய்வு வைத்த மேஜைகள். வண்டியை உருட்டி ஏற்றுகிறார்கள், ஒரு வால்வைத் திறக்கிறார்கள், காற்று சீறுகிறது, வண்டி இடுப்பு உயரத்துக்கு வந்துவிடுகிறது. அவன் நீலச் சட்டை போட்டு நின்றுகொண்டே பிளக் கழற்றிக்கொண்டிருந்தான். “அண்ணே, இங்க குந்தவே விடமாட்டேங்கறாங்க” என்றான். அதைப் பெருமையாகச் சொன்னானா குறையாகச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

அந்த மேஜைகளுக்கும் கம்ப்ரஸருக்கும் நாம் வெளிநாட்டைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கோயம்புத்தூர் பம்புக்கும் மோட்டாருக்கும் பேர்போன ஊர். 1960இல் அங்கே தொடங்கிய எல்ஜி நிறுவனத்தின் கம்ப்ரஸர் பஞ்சர் கடை முதல் பஸ் டிப்போ வரை எங்கும் தட்டுப்படும். வண்டி தூக்கும் சாமான் செய்கிற பட்டறைகளும் அந்தப் பக்கத்திலேயே வளர்ந்தன. ஆக, பொருள் கிடைக்காமல் இல்லை. டீலரின் கூரைக்குள் அது போய்ச் சேர்ந்தது, மரத்தடிக்கு வரவில்லை, அவ்வளவுதான். மரத்தடி மெக்கானிக்குகளில் பலர் அந்தப் பத்து ஆண்டுகளில் கம்பெனி ஒர்க்‌ஷாப்புக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. புல்லட்டை விட மனசில்லாமல் வாடகைக்கு ஒரு ஷெட் பிடித்தேன். வாடகைத் தரையில் போல்ட்டு அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. மறுபடியும் குந்தல்தான், கூரைக்குக் கீழே.

பந்தயக்காரர்கள் கதை தனி. சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாளிலும், 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை வந்த பிறகும், ஆர்.எக்ஸ். 100ஐ ஓட்ட எடுத்துப் போகிறவர்கள் முதலில் கழற்றி எறிவது சென்டர் ஸ்டாண்டைத்தான். வளைவில் சாயும்போது அது தரையில் உரசும், எடையும் கூட. ஸ்டாண்டு இல்லாத வண்டியை நிறுத்த, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கு அடியில் கொடுத்து நெம்பும் குழாய்ச் சட்டம் ஒன்று வந்தது. பாடக் ஸ்டாண்டு என்பார்கள். வெகுகாலம் அது பந்தயத் திடலை விட்டு வெளியே வரவில்லை. 2012இல் கே.டி.எம். டியூக் 200 சென்டர் ஸ்டாண்டே இல்லாமல் விற்பனைக்கு வந்தது. செயினுக்கு எண்ணெய் போடக்கூட வழியில்லாமல் பையன்கள் பாடக் ஸ்டாண்டு தேடி ஜி.பி. ரோடில் அலைந்தார்கள். அப்போதுதான் சாதாரண வீட்டு வாசலில் வண்டி தூக்கும் சாமான் ஒன்று முதல்முதலாகக் குடியேறியது.

இப்போது என்னைத் தேடி வருகிறவர்களிடம் இருப்பது மரத்தடிக்காரனுக்கு இல்லாத அந்த ஒன்று: சொந்தத் தரை. ஆகவே வாங்கலாம். எதை வாங்குவது என்றால், புல்லட்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்று. இன்ஜினுக்கு அடியில் கொடுத்துத் தூக்கும் கத்திரி ஜாக்கி மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் மயங்க வேண்டாம். பல வண்டிகளில் ஃப்ரேமின் குழாய்கள் இன்ஜினுக்குக் கீழே தொட்டிலாக ஓடும். அவற்றை ஜாக்கியில் ஏந்தலாம். பழைய புல்லட்டுக்கும் 2009இல் வந்த கிளாசிக்குக்கும் அந்தத் தொட்டில் கிடையாது. முன்னாலிருந்து ஒற்றைக் குழாய் இறங்கி இன்ஜினோடு முடிந்துவிடும், அங்கிருந்து பின்பக்கம் வரை இன்ஜினே ஃப்ரேமின் வேலையைச் செய்யும். ஜாக்கி வைத்தால் சுமை முழுக்க அலுமினிய கிராங்க் கேசிலும் எண்ணெய் வடிக்கும் போல்ட்டுகளிலும் இறங்கும். நாங்களும் அங்கேதான் மரக்கட்டை வைத்தோம், ஆனால் அகலமான கட்டை. பின்பக்கச் சுமையைச் சென்டர் ஸ்டாண்டு ஏற்கெனவே தாங்கிக்கொண்டிருந்தது. வண்டி முழுவதையும் அந்த ஓரிடத்தில் ஏந்துவது வேறு விஷயம். பாடக் ஸ்டாண்டும் புல்லட்டுக்கு உதவாது, அதற்குக் கொக்கி மாட்டும் திருகுத் துளை ஸ்விங் ஆர்மில் இல்லை.

ஆக, மேஜை லிஃப்ட்தான். வண்டியை உருட்டி ஏற்றி, முன் சக்கரத்தை இடுக்கியில் கவ்வ வைத்து, காலால் பம்பு மிதித்துத் தூக்குவது. புல்லட்டின் நீளம் இரண்டு மீட்டரைத் தாண்டும், மேஜை 2.2 மீட்டராவது இருக்கட்டும். புது கிளாசிக் 195 கிலோ. 450 கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கும் மேஜையை வாங்கினால் நிம்மதி. நீங்கள் போல்ட்டைத் திருகும்போது கொடுக்கும் அழுத்தத்தையும் அதுதான் தாங்கியாக வேண்டும். முழுக்க இறக்கினால் ஒரு சாண் உயரத்துக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாய்வில் தனியாளாக வண்டியை ஏற்றும்போது மூச்சு வாங்கும். கத்திரிக் கால் வைத்த மேஜையில் இன்னொரு சூட்சுமம் உண்டு: கால்கள் படுத்திருக்கும்போதுதான் தூக்குவதற்கு அதிக பலம் வேண்டும், நிமிர நிமிரச் சுமை லேசாகும். கடையில் பாதி உயரத்தில் வைத்து மிதித்துக் காட்டினால் நம்ப வேண்டாம். அடியோடு இறக்கி, மேலே ஆளை நிற்க வைத்து, நீங்களே முதல் மிதி மிதித்துப் பாருங்கள்.

மேஜையின் பின்பக்கம் கழற்றக்கூடிய தகடு இருக்கிறதா என்று கேளுங்கள். சென்டர் ஸ்டாண்டில் வண்டியை ஏற்றி, அந்தத் தகட்டை எடுத்து, அச்சை உருவினால் பின் சக்கரம் நேராகக் கீழே இறங்கி வரும். சாய்த்துப் பிடிக்க ஒரு பையன், உருவ ஒரு பையன் என்று நாங்கள் பட்ட பாடு ஒன்றும் கிடையாது. இந்தத் தகடு இல்லாமல் விற்கிற மேஜைகள் நிறைய இருக்கின்றன, கொஞ்சம் விலை குறைவு. வாங்காதீர்கள்.

போர்ட்டிகோவில் டைல்ஸ் போட்டவர்களுக்குத்தான் சிரமம். மேஜையின் உருளைகள் ஒரே கோட்டில் சுமையை இறக்கும், டைல்ஸ் விரிசல் விடும். அந்த அளவு இடத்தில் டைல்ஸை எடுத்துவிட்டுச் சிமெண்டு போடச் சொன்னேன் ஒருவரிடம். வீட்டம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். கடைசியில் பின்கட்டில் துணி துவைக்கிற இடத்தை ஒதுக்கிக் கொடுத்தார்கள். நல்ல சிமெண்டுத் தரை, வடிகால் வசதியும் இருந்தது.

நானும் சென்ற ஆண்டு ஒன்று செய்ய வைத்தேன், அம்பத்தூர் எஸ்டேட்டில் தெரிந்த வெல்டிங் பட்டறையில். ஆறு அங்குலம் உயரம் குறைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்க்கிற மாதிரி. நின்று வேலை பார்க்க இந்த வயதில் எனக்கு வரவில்லை. மேஸ்திரியிடம் என்னோடு இருந்தவர், அந்தக் கனமான பையன், இப்போது பேரன் எடுத்துவிட்டார், வந்து பார்த்தார். மேஜையை ஏற்றி இறக்கிக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வண்டி மேலே இருக்கும்போது மேஜை விளிம்பிலேயே ஏறிக் குந்தி பாயிண்டைத் திறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார். இறங்குங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது, அவர் எடை இப்போதும் அப்படியேதான் இருக்கிறது.

பூட்டுக் கம்பியைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். எண்ணெய் சிலிண்டரின் சீல் என்றைக்காவது ஒருநாள் கசியும். அப்போது மேஜையைத் தாங்க வேண்டியது எண்ணெயல்ல, குறுக்கே விழும் இரும்புக் கம்பி. சில மேஜைகளில் அது சுண்டுவிரல் பருமன்தான் இருக்கிறது, சிலவற்றில் மேலே ஏற ஏறத் தானே பல்லில் விழுந்து பூட்டிக்கொள்ளும். இரண்டாவது வகைதான் வேண்டும். கடைக்காரரிடம் நாலு சிமெண்டு மூட்டையை மேஜையில் அடுக்கச் சொல்லுங்கள், அது ஒரு புல்லட்டின் எடை ஆயிற்று. மேலே ஏற்றிப் பூட்டு விழுந்த பிறகு, யாரையும் கிட்டே நிற்க விடாமல், எண்ணெய் வால்வை முழுக்கத் திறக்கச் சொல்லுங்கள். மேஜை இருந்த இடத்தில் இருந்தால் பணத்தைக் கொடுக்கலாம். திறக்கத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.